தூசியின் நிரந்தர முகவரி

கொழும்பின் காற்றில் மிதக்கிற தூசியைப் பிடித்து வைத்து, நீ எந்த ஊர், யாருடைய பிள்ளை, இங்கே உனக்கு என்ன வேலை என்று விசாரிப்பதற்கென்றே நாட்டில் ஓர் அதிகாரசபை இருந்தது. தேசிய மிதவைத் தூசி மூலங்காண் அதிகாரசபை என்று பெயர். ஐந்து மாடிக் கட்டடம், முந்நூற்றுப் பன்னிரண்டு உத்தியோகத்தர், இரண்டு லிஃப்ட், ஓர் இயந்திரம். இயந்திரம் ஒன்றே ஒன்று என்பதால் இடமாற்றமெல்லாம் அதற்குத்தான். வன்னியில் சண்டை மும்முரமாகிக்கொண்டிருந்த அந்த வருடம், ஜூலை பிறந்தபோது அது கொட்டாஞ்சேனைக்கு மாற்றலாகி வந்தது.

வந்து ஏறிய இடம் ஸமீமின் 'நியூ ஸீ வியூ லொட்ஜ்' மொட்டைமாடி. அங்கிருந்து கடல் தெரியாது. தெரிவது செக்பொயின்ட். துறைமுகத்துக்குப் போகிற லொறி அத்தனையும் அங்கே நின்று, சாமானை இறக்கிக் காட்டி, திரும்ப ஏற்றி, அதற்குப் பிறகுதான் நகரவேண்டும். இஞ்சினை நிறுத்தினால் மறுபடி உயிர் வருமோ வராதோ என்று ஒரு டிரைவரும் அதை நிறுத்துவதில்லை. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை கரும்புகை மூன்றாம் மாடிக்கு ஏறிவந்து, பதினான்காம் நம்பர் அறை யன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வானத்துக்குப் போகும்.

அந்த அறையில் இருந்தவர்கள் பூபாலசிங்கமும் மனைவி மயிலம்மாவும். முள்ளியவளைக்காரர். ஊரில் இருபத்திரண்டு வருடம் தண்ணீர்ப் பம்பு ஓட்டியவர் அவர். மயிலம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு பழுது. பதினான்கு மாதம் அலைந்து, கிளினிக் கிளினிக்காக வரிசையில் நின்று, கடைசியில் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்திருந்தது. பதினெட்டாம் திகதி. கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவும் இருபதாம் திகதி வரைக்கும் இருந்தது. டொக்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"இருமலோட வந்தா மயக்க மருந்து குடுக்க ஏலாது. திருப்பி அனுப்பிடுவன். பிறகு அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருடம் வரைக்கும் அந்த வால்வு தாங்காது என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பம்பு ஓட்டிய மனுஷனுக்கு வால்வு விஷயம் சொல்லித்தான் விளங்கவேண்டுமா? இரண்டாம் திகதி ஆகியிருந்தது. மயிலம்மா யன்னலை மூடினால் வியர்த்தாள், திறந்தால் இருமினாள்.

மெஷினைப் பூட்ட வந்தவன் றொபேட். முகத்துவாரத்துக்காரன். தூசி மூல உத்தியோகத்தர், தரம் இரண்டு. நல்ல மனுஷன்தான், ஆனால் தரம் இரண்டு. காலையில் ஆறு மணிக்கு மெஷினுக்குள் இருக்கிற வடிதாளை எடுத்துவிட்டுப் புதுத் தாள் வைக்க, பக்கத்திலேயே இருக்கிற ஓர் ஆள் வேண்டும் என்றான்.

"பூபாலண்ணே செய்வாரு," என்றான் ஸமீம். "இந்த லொட்ஜுல மெஷின் வெளங்கிற ஒரே ஆள் அவருதான்."

பூபாலசிங்கம் கேட்டார்: "உந்த மெஷின் தூசி எங்கையிருந்து வருகுதெண்டு கண்டுபிடிக்குமோ தம்பி?"

"மெஷின் பிடிக்கும் அண்ணே. கண்டுபிடிக்கிறது நாங்க."

"கண்டுபிடிச்சா?"

"மூலத்த அகற்றிருவோம். அதுதான் சட்டம்."

பூபாலசிங்கத்துக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. பதினெட்டாம் திகதிக்கு இன்னும் பதினாறு நாள். அதற்குள் புகையை அகற்றினால் இருமல் நிற்கும். இருமல் நின்றால் ஒப்பரேஷன் நடக்கும். பாவம், அரசாங்கத்தை நம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவர் தாளை எடுத்தபோது, பால் வெள்ளையாக வைத்தது அடுப்புச் சட்டியின் அடிப்பக்கம் மாதிரி வந்தது. அதைக் கவருக்குள் போட்டார். கூடவே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கதை பிழைத்துப்போனது இந்த இடத்தில்தான், கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அதிகாரசபை தொடங்கிய காலத்தில் படிவம் அச்சடிக்க நேரம் இருக்கவில்லை. லொட்ஜுகளில் தங்கும் தமிழ் ஆட்களைப் பதிவதற்கு அடித்த படிவம் லட்சக்கணக்கில் மிஞ்சிக் கிடந்தது. தலைப்பின்மேல் 'தூசி மூல விபரம்' என்று ஒரு முத்திரையைக் குத்தி அதையே எடுத்துக்கொண்டார்கள். கட்டங்களில் கை வைக்கவில்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, கொழும்புக்கு வந்த காரணம், தங்க உத்தேசித்துள்ள காலம், வீட்டுத் தலைவருக்கு உறவுமுறை. தூசிக்கு எவன் இதையெல்லாம் நிரப்புவான்? பதினொரு வருடமாகப் படிவங்கள் வெறுமையாகவே போய், ஒரு மூலமும் கண்டுபிடிக்கப்படாமல், முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

பூபாலசிங்கமோ இந்தப் பதினான்கு மாதத்தில் அதே படிவத்தை நாற்பத்து மூன்று தரம் நிரப்பியவர். லொட்ஜ் மாறினால் ஒன்று, சுற்றிவளைப்பு நடந்தால் ஒன்று, பொலிசில் ஆள் மாறினால் இன்னொன்று. கண் பார்க்கத் தேவையில்லை, அந்தக் கட்டங்களைக் கண்டதும் கை தன்பாட்டில் ஓடும். அன்று காலையும் கீழே மயிலம்மா இருமுகிற சத்தத்தைக் காது கேட்டுக்கொண்டிருக்க, கை ஓடி முடித்து ஒப்பமும் வைத்துவிட்டது. பெயர் பூபாலசிங்கம். நிரந்தர முகவரி முள்ளியவளை. தங்க உத்தேசித்துள்ள காலம் இருபதாம் திகதி வரை. கவர் போய்விட்டது.

ஐந்தாம் திகதி லொட்ஜ் வாசலில் ஜீப் வந்து நின்றது. றொபேட்டின் முகத்தில் ரத்தம் இல்லை.

"அண்ணே, என்ன வேல பாத்தீங்க? பதினொரு வருஷத்தில மொத மூலம் நீங்கதான்!"

"ஐயோ தம்பி, அது கைப்பிழை. திருத்தித் தாறன்."

"பிழைக்குப் படிவம் இல்ல அண்ணே. மூலத்துக்குத்தான் இருக்கு."

அதிகாரசபையின் மண்டபத்தில் அவருக்கு மாலை போட்டார்கள். பணிப்பாளர் நாயகம் கலாநிதி ஒஸ்வால்ட், நாற்பது வருடம் தூசியோடு பழகியும் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி படாதவர், ஒலிவாங்கி முன்னால் நின்றார்.

"அன்பர்களே, பதினொரு வருடமாக நாம் காற்றில் தேடினோம். காற்று ஒத்துழைக்கவில்லை. தூசியை அளப்பது யாராலும் முடியும், அதற்கு ஓர் இயந்திரம் போதும். தூசிக்கு முகவரி கண்டுபிடிப்பதற்குத்தான் ஓர் அதிகாரசபை தேவை. இதோ, அடையாள அட்டையுடன் கூடிய மூலம்! தன் வாயால் அல்ல, தன் கையால் ஒப்புக்கொண்ட மூலம்! எமது நிறுவனத்தை மூடவேண்டும் என்று சென்ற மாதம் திறைசேரியில் பேசியவர்கள் இப்போது என்ன சொல்லப்போகிறார்கள்?"

கைதட்டல் ஓய்ந்ததும் பூபாலசிங்கம் எழுந்தார்.

"சேர், நானில்லை சேர். லொறியள்தான். லொட்ஜுக்கு முன்னால செக்பொயின்டில நாள் முழுக்க இஞ்சின் ஓடுது. மெஷினுக்கு நேர கீழ."

கலாநிதி ஒஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எந்தச் செக்பொயின்ட்?"

"லொட்ஜ் வாசல்ல இருக்கிற செக்பொயின்ட் சேர்."

"அங்கே ஒரு செக்பொயின்ட் இருப்பது பாதுகாப்பு இரகசியம். எங்கள் வரைபடத்தில் அந்த இடம் பூந்தோட்டம். பூந்தோட்டத்தில் லொறி நிற்காது."

காற்றுத் திசைப் பிரிவிலிருந்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கையுயர்த்தினார். இந்த மாதத்தில் காற்று கடலிலிருந்து வீசுகிறது, முள்ளியவளைப் பக்கமிருந்து தூசி வருவதற்கு வழியில்லை என்றார். கலாநிதி சிரித்தார்.

"காற்று தவறான திசையில் வீசினால் அதற்கு மூலம் பொறுப்பல்ல. அதைப் பற்றி நான் காற்றுப் பிரிவுக்குக் கடிதம் எழுதுகிறேன்."

கையுயர்த்தியவர் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பூபாலசிங்கத்தை ஆய்வுகூடத்தில் இருத்தினார்கள். எடை பார்த்தார்கள். சட்டையைத் தூரிகையால் தட்டினார்கள். ஒரு வெள்ளைத் தாளில் முப்பது தரம் ஊதச் சொன்னார்கள், ஊதினார். தாள் வெள்ளையாகவே இருந்தது. 'விசாரணையின்போது வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டார்' என்று எழுதினார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மைக்ரோகிராம் வெளியிடுகிறீர்?"

"தெரியாது சேர்."

"எழுதுங்கள்: வெளியிடுவதை ஒப்புக்கொண்டார், அளவை மறைத்தார்."

இவ்வளவுக்கும் அவர் ஊதி ஊதித் தலைசுற்றிப்போய், மயிலம்மா மத்தியானம் சாப்பிட்டாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த ஒருவருக்கும் அவர்மேல் கோபம் கிடையாது. ஒருவன் தேத்தண்ணிகூடக் கொடுத்தான். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் திகதி மூல அகற்றல் கட்டளை வந்தது. மூலத்தை அதன் நிரந்தர முகவரிக்குத் திருப்பியனுப்பி, காற்று சுத்தமாகிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை நாள் என்று கட்டளையில் இல்லை. லொட்ஜுகளில் காரணமில்லாமல் தங்கியிருப்பவர்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த வாரம் அது. மறுநாள் காலை பஸ்ஸில் இவருக்கும் ஓர் இருக்கை போட்டார்கள்.

"சேர், என்ர மனுசிக்குப் பதினெட்டாந் திகதி ஒப்பரேஷன். பதினேழாந் திகதி வார்டில விடவேணும். ஒப்பம் வைக்க என்னை விட்டா ஆருமில்லை," என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பஸ்ஸடியில் நின்ற சார்ஜன்டிடம் நீட்டினார் பூபாலசிங்கம்.

சார்ஜன்ட் கடிதத்தை முழுவதும் வாசித்தார். "இது நோனாட, ஒங்கட மனுசிட லெட்டர்தானே. நோனா இருக்கலாம். மாத்தயா, ஒங்களுக்கு வேற லெட்டர் வந்திருக்கு. மாத்தயா தூசி."

மயிலம்மா மூன்றாம் மாடியிலிருந்து இறங்க முடியாமல் யன்னலில் நின்றாள். கத்திக் கூப்பிட வாயெடுத்தாள், இருமல் வந்து மறித்தது. ஸமீமின் மனைவி ஜவாஹிறா அவளைப் பிடித்துக்கொண்டு, "நாங்க ஈக்கிறோம் அண்ணே, நீங்க யோசிக்க வாணாம்!" என்று அவளுக்கும் சேர்த்துக் கத்தினாள்.

றொபேட் பஸ் யன்னலடிக்கு வந்து மெல்லச் சொன்னான்: "பயப்படாதீங்க அண்ணே. நீங்க போனாலும் லொறி நிக்கிதுதானே? தூசி கொறையாது. கொறையாட்டி நீங்க மூலம் இல்லண்டு ஆயிரும். நாலே நாள்ல கூப்பிட்டிருவாங்க."

முள்ளியவளைக்குப் பாதை பூட்டு. பஸ் வவுனியாவோடு நின்றது. நிரந்தர முகவரிக்குப் போகவும் முடியாமல் தற்காலிக முகவரியில் இருக்கவும் முடியாமல் அறுபது எழுபது பேரை ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கினார்கள். பூபாலசிங்கம் சிமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்தடவையாக, கொழும்பில் புகை குறையக்கூடாது கடவுளே என்று கும்பிட்டார். கும்பிட்ட கையோடு மயிலம்மாவின் இருமல் நினைவுக்கு வரும். உடனே, குறையவேண்டும் கடவுளே என்று மாற்றிக் கும்பிடுவார். நாலு நாளாக அந்தக் கடவுளைப் படுத்தாத பாடு படுத்தினார்.

பதின்மூன்றாம் திகதி ஸமீம் போன் எடுத்தான்.

"பூபாலண்ணே, ஒங்களுக்கு எப்பிடிச் சொல்ற... கடதாசி வெள்ளையா ஈக்கிது."

"என்ன?"

"மூணு நாளா வெள்ள. பஸ்ஸு போன அன்னக்கே பாதைய ரெண்டு பக்கமும் பூட்டிட்டாங்க. பாதுகாப்பு வாரமாம். லொறி எல்லாம் பேலியகொடையால சுத்திப் போகுது. அந்தத் தூசி ஒபிசுல பட்டாசு கொளுத்தினாங்களாம்."

பிறகு போனை மயிலம்மாவிடம் கொடுத்தான். அவள் குரல் தெளிவாக இருந்தது. "இஞ்சருங்கோ, இருமல் நிண்டிட்டுது. நீங்கள் போன அண்டைக்கே நிண்டிட்டுது."

பூபாலசிங்கத்துக்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும், சந்தோஷப்பட்டார். போனை வைத்த பிறகு அந்த வார்த்தை அவரை விடவில்லை. நான் போன அன்றைக்கே. லொறியும் நின்றது என்று அறிவுக்குத் தெரியும். இருந்தாலும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் படித்தவர்கள், ஐந்து மாடி, அவர்கள் எல்லோருமா பிழைவிடுவார்கள்? பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளையடித்த ஓர் இடம் பார்த்து, சுற்றுமுற்றும் ஆளில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மெதுவாக ஊதிப் பார்த்தார். சுவரில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் போதாதோ என்று நினைத்தார்.

கொழும்பில் கலாநிதி ஒஸ்வால்ட் கோப்பில் குறிப்பெழுதினார். 'ஒருமுறை நடந்தால் சம்பவம். இருமுறை நடந்தால் விஞ்ஞானம். மூலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்து, தூசி ஏறுகிறதா என்று பார்க்கவும். வெளிநாட்டு மாநாட்டுக்கு முன் முடித்துத் தரவும்.'

பதினாறாம் திகதி காலை றொபேட் ஜீப்போடு பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கையில் ஒரு கடிதம், மூன்று மொழியில், சிவப்பு முத்திரையோடு. 'இதனைக் கொண்டிருப்பவர் கொட்டாஞ்சேனையின் காற்றை மாசுபடுத்துபவர். தேசிய நலன் கருதி இவர் கொழும்பில் தங்கியிருப்பது அவசியம். கால எல்லை கிடையாது.'

பதினான்கு மாதம் அலைந்தும் மயிலம்மாவின் பழுதான இதயத்தால் வாங்க முடியாத கடிதம் அது. செய்தி பரவி, ஜீப்பைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். கொழும்பில் மகளை விட்டுவிட்டு வந்த இராமலெட்சுமி என்கிற பெண் முன்னுக்கு வந்து றொபேட்டின் கையைப் பிடித்தாள்.

"தம்பி, என்னையும் தூசியெண்டு எழுதுங்கோ."

"அக்கா, அப்பிடியெல்லாம் ஏலாது..."

"ஏன் ஏலாது? அவர் தூசியெண்டா நானும் தூசிதான். என்ர புள்ளை அங்க தனிய நிக்குது."

பின்னால் வரிசை நின்றுவிட்டது. றொபேட் தலையைச் சொறிந்தான். ஜீப்புக்குள் ஒரு கட்டுப் படிவம் கிடந்தது. பூபாலசிங்கம் எடுத்துப் பொனட்டில் வைத்து எழுதத் தொடங்கினார். அவருடைய கைக்குத்தான் அது பழக்கமாயிற்றே. பெயர், நிரந்தர முகவரி, கொழும்புக்கு வந்த காரணம். ஐம்பத்தெட்டுத் தூசி எழுதி முடித்தபோது பகல் ஒரு மணி. அத்தனையையும் றொபேட் அதிகாரசபையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கலாநிதி ஒஸ்வால்ட் புளகாங்கிதமடைந்து, இன்னும் இருநூறு உத்தியோகத்தர் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினாராம். அந்தக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று றொபேட் பிறகு எப்போது கேட்டாலும் சொல்வான்.

வவுனியாவிலிருந்து கொழும்பு வரை ஒன்பது செக்பொயின்ட். வழக்கமாக ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம் நிறுத்தி வைப்பார்கள். அன்று கடிதத்தை வாசித்ததும் ஒன்பதிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே விட்டார்கள். பூபாலசிங்கம் ஜீப்பின் பின்பக்கம் வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தார்.

பதினேழாம் திகதி காலை ஐந்தரைக்கே ஜவாஹிறா மயிலம்மாவை ஓட்டோவில் ஏற்றினாள். பாதுகாப்பு வாரம் முடிந்து ஆறு மணிக்குத் தடை திறந்தது, லொறிகள் வந்து நின்றன, மறுநாள் தாள் கறுப்பாக வந்தது. விஞ்ஞானம் நிரூபணமாயிற்று. ஐந்து மாடியிலும் பாற்சோறு.

இரவே வந்தும் லொட்ஜுக்குள் போகாத பூபாலசிங்கம் ஓட்டோவில் ஏறவில்லை. தன் மூச்சு அவளில் படக்கூடாதென்று மூன்று தெருத் தள்ளி நடந்தே போனார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, கொழும்பில் இருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான். இருந்தது ஒன்றுதான், அந்தக் கடிதத்தைக் காட்டினார். காவலாளி வாசித்துவிட்டு உள்ளே ஓடி, நர்ஸைக் கூட்டிவந்தான்.

"ஐயா, இது நெஞ்சு வார்டு. இப்பிடி லெட்டரோட உள்ளுக்கு விட ஏலாதே," என்றாள் நர்ஸ். அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஒப்பரேஷனுக்குச் சம்மதப் படிவத்தைக் கம்பிக்குள்ளால் நீட்டினாள். பெயர், நிரந்தர முகவரி, நோயாளிக்கு உறவுமுறை. கை ஓடியது. உறவுமுறை என்ற கட்டத்தில் மட்டும் முதல்தடவையாக நின்றது. பிறகு கணவன் என்று எழுதியது.

அன்றும் மறுநாளும் கேற்றுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பதினெட்டாம் திகதி பின்னேரம் நர்ஸ் வந்து, வால்வு வேலை செய்கிறது என்றாள். பூபாலசிங்கம் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழும்போதும் முகத்தை ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் திருப்பித்தான் அழுதார்.

ஐந்தாம் நாள் அந்த நர்ஸ் அவரைப் பக்கவாசலால் உள்ளே விட்டாள். "அஞ்சு நிமிஷம், சரியா?" வார்டுக் கதவடியில் நின்று மூச்சை நிறைய உள்ளே இழுத்து, அடக்கிக்கொண்டு, மயிலம்மாவின் கட்டிலடிக்குப் போனார். வெளுத்துப்போயிருந்தாள். கண் மட்டும் சிரித்தது.

"எங்க நிண்டனீங்கள் இவ்வளவு நாளும்?"

அவர் விரலைக் காட்டி, பொறு என்று சைகை செய்துவிட்டு நடையோரத்துக்கு ஓடினார். அங்கே மூச்சை விட்டு, புதுசாக இழுத்து அடக்கிக்கொண்டு திரும்பி வந்தார். வாயைத் திறக்கவில்லை. இப்படி மூன்று தரம் போய் வந்தார்.

"உங்களுக்கென்ன விசரே? ஏன் ஒண்டும் கதைக்கிறியளில்லை?"

நாலாம் தரம் அவர் திரும்பும்போது மயிலம்மா அந்தக் கையை, நாற்பத்து மூன்று படிவம் நிரப்பிய வலது கையை, எட்டிப் பிடித்துக்கொண்டாள். ஒப்பரேஷன் செய்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவள் விடவில்லை. உதறினால் தையல் நூல் அறுந்துவிடும் என்று இவருக்குப் பயம். முகம் சிவந்தது, நெற்றி நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. அவள் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், முழுவதையும் விட்டுவிட்டார்.

விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மயிலம்மா இருமவில்லை.